உடைக்காத முட்டைக்குள் படம் எடுக்கும்போது: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் எங்கள் ஆய்வகம் இருக்கிறது. மாவட்டம் பாலக்காடு என்றாலும் கடைவீதியில் அதிகம் காதில் விழுவது தமிழ். முட்டைகள் கிழக்கே பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்துக் குஞ்சுப் பொரிப்பகங்களிலிருந்து வருகின்றன. அவற்றுக்குள் இதயமும் இரத்தக் குழாய்களும் எப்படி உருவாகின்றன, ஒரு மருந்து அவற்றை எப்படிப் பாதிக்கிறது என்று ஓட்டை உடைக்காமல் பார்ப்பது எங்கள் வேலை.

அரிஸ்டாட்டில் நாளுக்கு ஒரு முட்டையாக உடைத்துப் பார்த்தார். பிறகு வந்தவர்களும் நெடுங்காலம் அப்படித்தான் பார்த்தார்கள். நான்காம் நாள் பார்த்த கரு ஒன்று, ஐந்தாம் நாள் பார்த்தது வேறொன்று. உடைக்காமல் பார்க்கத் தெரிந்துவிட்டால் ஒரே கருவை 21 நாளும் பின்தொடரலாம். ஆனால் ஏழாம் நாள் படத்தைத் தவறாகப் படித்துவிட்டால், அதற்குப் பின் அந்த முட்டையைப் பற்றி எழுதும் எல்லாமே தவறாகிவிடும்.

படம் கெட்டால் காரணம் மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும்: முட்டையில், கருவியில், கருவில். தேடவேண்டிய வரிசையும் அதுதான். புதிதாக வருகிறவர்கள் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். துடிப்பு குறைந்தால் மருந்து வேலை செய்கிறது என்கிறார்கள். படம் மங்கினால் கரு வளரவில்லை என்கிறார்கள். படமே தெரியாமல் போவது பெரிய பிழை அல்ல, அது தானே காட்டிக்கொடுத்துவிடும். ஆராய்ச்சி முடிவைப் போலவே தோற்றமளிக்கும் பிழைதான் கொடியது.

அதனால் தொடங்கும் முன் ஒரு வேலை. ஒவ்வொரு தொகுதியிலும் கரு பிடிக்காத முட்டை ஒன்றிரண்டு இருக்கும். நம் ஊரில் கூமுட்டை என்போம், ஒன்றும் தெரியாதவரைத் திட்டவும் அதே சொல். அதைத் தூக்கி எறியாதீர்கள். பென்சிலால் குறியிட்டு, மற்ற முட்டைகளோடு அதே அடைகாப்பானில், அதே வெப்பத்தில் வையுங்கள். கீழே வரும் பாதிச் சிக்கல்களுக்குத் தீர்ப்புச் சொல்லப்போவது அந்த முட்டைதான்.

முட்டை முழுவதும் ஒரே மங்கல், குழாய் எதுவும் தெரியவில்லை

அடை வைத்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று முதலில் பாருங்கள். 37.5 டிகிரியில் வைத்த கோழி முட்டையில், இருட்டில் ஓட்டின்மேல் விளக்கைப் பிடித்து ஊடுருவும் ஒளியில் பார்த்தால் குழாய்கள் தெளிவாகத் தெரிய மூன்று முதல் நான்கு நாள் ஆகும். இதயம் இரண்டாம் நாளிலேயே துடிக்கத் தொடங்கிவிடுகிறது, ஆனால் ஓட்டின் வழியாக அது கண்ணுக்குப் படாது. நான்காம் நாள் பார்த்தால் கைவிரல் நகமளவு இடத்தில் ஒரு சிலந்தி கால்களை விரித்து உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். நடுவில் ஒரு புள்ளி, அதிலிருந்து நாலாபுறமும் ஓடும் சிவப்பு இழைகள். ஐந்தாம் நாள் கரிய புள்ளியாகக் கண் தெரியும்.

நாள் சரியாக இருந்தும் தெரியவில்லை என்றால் ஓட்டின் நிறத்தைப் பாருங்கள். பழுப்பு ஓடு ஒளியை விழுங்கும். படம் எடுப்பதற்கென்றே வாங்குவதாக இருந்தால் வெள்ளை ஓட்டு முட்டை கேளுங்கள். கூடுதல் காசு கொடுத்தாலும் நட்டமில்லை.

ஓடு வெள்ளையாக இருந்தும் மங்கினால் முட்டை எந்தப் பக்கமாகக் கிடந்தது என்று பாருங்கள். கரு மஞ்சள் கருவின் மேல்புறம் மிதக்கும். நிற்க வைத்திருந்த முட்டையைச் சட்டென்று படுக்க வைத்துப் படம் எடுத்தால் கரு இன்னும் மேலே வந்து சேர்ந்திருக்காது. கொஞ்ச நேரம் அசையாமல் படுக்க வைத்துவிட்டு மேலிருந்து பாருங்கள். ஆரம்ப நாட்களில் அகன்ற முனை உங்கள் இடப்பக்கம் இருக்கும்படி வைத்தால், பெரும்பாலான முட்டைகளில் கருவின் தலை உங்களுக்கு எதிர்ப்பக்கம் நோக்கியிருக்கும். கருவியலாளர் ஃபான் பேர் பெயரால் வழங்கும் விதி இது. எல்லா முட்டைக்கும் பொருந்தாது, ஆனால் எங்கே தேடுவது என்று சொல்லிவிடும்.

ஆனி, ஆடி மாதங்களில் இங்கே இன்னொரு காரணமும் சேரும். மேற்கிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வரும் நேரம் அது. 16 டிகிரியில் வைத்திருந்த முட்டையை அந்த ஈரத்துக்குள் எடுத்தால் ஓட்டின்மேல் வியர்வைபோல் நீர் படியும். ஒளி அந்தத் துளிகளில் சிதறிப் படம் பால்போல் வெளுத்துவிடும். துணியால் துடைக்காதீர்கள். துடைத்தால் ஓட்டில் உள்ள ஆயிரக்கணக்கான நுண்துளைகள் வழியே ஈரத்தோடு கிருமியும் உள்ளே போகும். அடை வைப்பதற்கு முன் அரை நாள் 22 முதல் 25 டிகிரி உள்ள அறையில் வைத்து மெதுவாகச் சூடேற விடுங்கள்.

காற்றறை இருக்கவேண்டிய இடத்தில் இல்லை, அல்லது முட்டையைச் சாய்த்தால் நகர்கிறது

இது சாலையில் நடந்த தவறு. காற்றறை என்பது ஓட்டுக்குள் காற்று நிரம்பிய சிறு இடம், அது அகன்ற முனையில் நிலையாக இருக்கவேண்டும். குலுங்கி வந்த முட்டையில் உட்சவ்வு பிரிந்து, காற்றுக் குமிழ் நீர்மட்டக் கருவியில் ஓடுவதுபோல் ஓடும். அந்த முட்டையில் எந்தத் தொடர்ப்படமும் எடுக்காதீர்கள். ஒவ்வொரு நாளும் வேறு வேறு இடத்தில் நிழல் விழும்.

ஆலப்புழையிலும் குட்டநாட்டிலும் பறவைக் காய்ச்சல் வரும் காலங்களில், 2024 ஏப்ரலில் வந்ததுபோல், எல்லைச் சோதனைச் சாவடிகளில் வண்டிகள் வரிசையில் நிற்கும். ஒருமுறை எங்கள் பெட்டி உச்சி வெயிலில் நின்றுவிட்டது. "நிழலே இல்லை அக்கா, என் சட்டையை நனைத்துப் பெட்டிமேல் போட்டேன்" என்றார் ஓட்டுநர். அவர் கையில் இருந்ததை அவர் செய்தார். ஆனால் முட்டைக்கு வெயில் இரண்டு விதத்தில் கெடுதி. சுமார் 20 டிகிரிக்குக் கீழே உறங்கும் கரு, அதற்கு மேல் அரைகுறையாக வளரத் தொடங்கும், பிறகு குளிர்ந்தால் நிற்கும். இப்படி விழித்து உறங்கிய கரு அடையில் சீக்கிரம் சாகும். தப்பிப் பிழைத்தாலும் அதன் வயது உங்கள் குறிப்பேட்டில் இருக்கும் வயதாக இருக்காது.

வந்து சேர்ந்த முட்டைகளைக் கூர்முனை கீழாக வைத்து, குளிர்ச்சியான இடத்தில் ஒரு நாள் அசையாமல் விடுங்கள். பிறகு விளக்கில் பார்த்துக் காற்றறை ஆடும் முட்டைகளைப் பிரித்துவிடுங்கள். வயதை நாளால் மட்டும் எழுதாமல், கோழிக் கருவின் வளர்ச்சிக்குக் கருவியலாளர்கள் ஹாம்பர்கரும் ஹாமில்டனும் 1951இல் வகுத்த 46 படிநிலைகளில் எது என்றும் எழுதுங்கள். வெயிலில் நின்ற பெட்டியை அந்த எண்தான் காட்டிக்கொடுக்கும்.

காற்றறை சரியான இடத்தில் இருந்தும் அளவு பொருந்தவில்லை என்றால் தராசை எடுங்கள். 60 கிராம் முட்டை 18ஆம் நாளுக்குள் ஏறக்குறைய 7 கிராம் எடை இழக்கவேண்டும். அதைவிடக் குறைவாக இழந்தால் அடைகாப்பானில் ஈரம் அதிகம், இங்கே அது மழைக்காலப் பிணி. அதைவிட அதிகமாக இழந்தால் தை மாதத்துக் கிழக்குக் காற்று அறைக்குள் வந்திருக்கிறது, தண்ணீர்த் தட்டு காய்ந்திருக்கும்.

ஒரு சிவப்பு வளையம், நடுவில் ஒன்றுமில்லை

கரு இறந்துவிட்டது. குழாய்களில் இருந்த இரத்தம் விளிம்புக்கு ஒதுங்கி வளையமாக நிற்கிறது. பெரும்பாலும் முதல் நான்கு நாட்களுக்குள் நடப்பது இது. ஒன்றிரண்டு என்றால் இயல்பு. ஒரே தட்டில் பல என்றால் அடைகாப்பானின் வெப்பமானியை வேறொரு வெப்பமானியோடு ஒப்பிடுங்கள். முட்டை ஒரு வாரத்துக்கு மேல் கிடங்கில் இருந்ததா என்றும் கேளுங்கள்.

இதயத் துடிப்பு வருகிறது, ஆனால் எல்லா முட்டையிலும் ஏறக்குறைய ஒரே எண்

இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் ஒரு மாத உழைப்பை இதில் இழந்தேன்.

முட்டைக்கு ஒரு பக்கம் விளக்கு, மறுபக்கம் கேமரா. இரத்தம் பாயும்போது ஊடுருவி வரும் ஒளி மிக நுண்ணிய அளவில் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் துடிப்பு கிடைக்கும். நான்காம், ஐந்தாம் நாட்களிலேயே நிமிடத்துக்கு 200ஐத் தாண்டும். எங்களுக்கு 12 முட்டைகளில் 236, 240, 243 என்று வந்தது. அழகான எண்கள். நூல்களில் படித்ததோடு ஒத்துப்போயின. மகிழ்ச்சியோடு எழுதி வைத்தேன்.

ஒரு நாள் மாணவி ஒருத்தி ஒரு முட்டையை அடைகாப்பானுக்கு வெளியே மேசையில் வைத்து மறந்துவிட்டாள். முக்கால் மணி நேரம் கழித்து அப்படியே அளந்தாள். "அக்கா, முட்டை குளிர்ந்துவிட்டது, ஆனால் துடிப்பு குறையவே இல்லை" என்றாள். அப்போதுதான் உறைத்தது. கரு தானாகச் சூட்டை வைத்துக்கொள்ளாது. ஓடு குளிர்ந்தால் இதயம் மெதுவாகத் துடிக்கவேண்டும். துடிப்பு அசையாமல் நின்றால் அது இதயம் அல்ல.

கூமுட்டையை விளக்கின்மேல் வைத்தோம். 240.

காரணம் எளிய கணக்கு. நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி. அதில் நேரடியாக எரியும் மலிவான விளக்கு விநாடிக்கு 100 முறை மினுக்கும், கண்ணுக்குத் தெரியாது. எங்கள் கேமரா விநாடிக்கு 24 படம் எடுக்கும்படி வைக்கப்பட்டிருந்தது. 24ஐ நான்கால் பெருக்கினால் 96. நூறில் மிச்சம் 4. அதாவது அந்த மினுக்கல் கேமராவுக்கு விநாடிக்கு 4 முறை ஏறி இறங்குவதாகத் தெரியும். நிமிடத்துக்கு 240, ஐந்து நாள் கோழிக் கருவின் துடிப்பு எவ்வளவு இருக்கவேண்டுமோ அவ்வளவு. மின்சாரத்தின் சுழற்சி சிறிது கூடிக் குறையும்போது எண்ணும் 236க்கும் 243க்கும் இடையே ஆடும், உயிருள்ள பொருள் ஆடுவதுபோலவே. பல முட்டைகளில் உண்மைத் துடிப்பும் உள்ளே இருந்திருக்கும். அதைவிட விளக்கின் அலை பெரிதாக இருந்ததால் கணினி விளக்கை எண்ணியது.

சரிசெய்யும் வழி: விளக்கைப் பாட்டரியில் எரிய விடுங்கள். பாட்டரி விளக்கிலும் ஒளியைக் குறைக்கும் பொத்தான் இருந்தால் தொடாதீர்கள். பல விளக்குகள் வேகமாக அணைந்து அணைந்து எரிவதன் மூலம்தான் ஒளியைக் குறைக்கின்றன. முழு ஒளியில் வைத்து, தேவையானால் விளக்கைத் தள்ளி வையுங்கள். மின்சார விளக்குத்தான் இருக்கிறது என்றால், ஒவ்வொரு படத்துக்கும் ஒளி விழும் நேரத்தை விநாடியில் நூற்றில் ஒரு பங்கு அல்லது ஐம்பதில் ஒரு பங்கு என்று வையுங்கள். மினுக்கலின் முழுச் சுற்றும் ஒரே படத்துக்குள் அடங்கி, அலை மறைந்துவிடும். கேமராவின் தானியங்கி ஒளிச் சீரமைப்பை அணைத்துவிடுங்கள், அதுவும் தன் பங்குக்கு ஏற்றி இறக்கும்.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு நாளும் முதல் அளவீடு கூமுட்டையில்தான் எடுங்கள். அதில் எந்தத் துடிப்பும் வரக்கூடாது. வந்தால் அன்று மற்ற முட்டைகளைத் தொடவேண்டாம்.

எம்.ஆர்.ஐ. படத்தில் கரு இரண்டு மூன்றாகத் தெரிகிறது

எங்களிடம் எம்.ஆர்.ஐ. இல்லை. கோயம்புத்தூரில் ஒரு ஸ்கேன் மையத்தில், நோயாளிகள் போனபின் இரவில் நேரம் கொடுக்கிறார்கள். மணிக்கட்டுக்கு வைக்கும் சிறிய காயிலுக்குள் (சமிக்ஞையைப் பிடிக்கும் கம்பிச்சுருள்) முட்டை கச்சிதமாக உட்காரும். ஓட்டைத் தொடாமல் உள்ளே மூளை, கண், ஈரல் எல்லாம் பார்க்க இதைவிடச் சிறந்த வழி இல்லை என்பது என் கருத்து. ஆனால் படம் எடுக்க நிமிடக்கணக்கில் ஆகும், கரு அவ்வளவு நேரம் சும்மா இருக்காது. நான்காம் நாளை நெருங்கும்போதே உடலை அசைக்கத் தொடங்கும். அதைச் சுற்றியுள்ள பனிக்குடச் சவ்வும் சுருங்கி விரிந்து தொட்டில்போல் ஆட்டும். பத்தாம் நாளைத் தாண்டிய வாரத்தில் ஆட்டம் உச்சத்தில் இருக்கும்.

ஆட்டம்தான் காரணமா என்று உறுதி செய்ய ஒரு சோதனை உண்டு. எம்.ஆர்.ஐ. ஒரு புள்ளியின் இடத்தைக் கணிக்கப் படத்தில் பயன்படுத்தும் இரண்டு திசைகளான பேஸ் திசையையும் அதிர்வெண் திசையையும் இடம் மாற்றி மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். முதலில் மேலும் கீழும் இருந்த பேய் உருவங்கள் இப்போது இடமும் வலமுமாகப் போனால் ஆட்டம்தான். மஞ்சள் கருவின் ஓரத்தில் மட்டும் ஒரு பக்கம் வெள்ளைக் கோடு, எதிர்ப்பக்கம் கருப்புக் கோடு என்று இருந்து, அதுவும் அதிர்வெண் திசையிலேயே இருந்தால் அது ஆட்டம் அல்ல. மஞ்சள் கருவின் கொழுப்பு தண்ணீரிலிருந்து சற்று விலகிய அதிர்வெண்ணில் பேசுகிறது. கருவி வாங்கும் அதிர்வெண்களின் வீச்சான பட்டை அகலத்தைக் கூட்டினால் குறையும்.

ஆட்டத்தை நிறுத்தப் பலரும் கையாளும் வழி, முட்டையை 4 டிகிரியில் ஒரு மணி நேரம் குளிர வைப்பது. கரு அடங்கிவிடும். குளிர்பெட்டியின் தட்டில் வையுங்கள். பனிக்கட்டியில் ஓடு படும்படி வைத்தால் ஒரு பக்கம் உறைந்துவிடும். மயக்க மருந்தும் உண்டு, ஆனால் அதற்கு ஓட்டில் துளையிடவேண்டும். அப்படிச் செய்தால் உடைக்காமல் பார்க்கிறோம் என்று எழுதக்கூடாது.

முதல் படம் தெளிவு, மூன்றாவது கலங்கல் என்றால் முட்டை ஸ்கேன் அறையில் மெல்லச் சூடேறிவிட்டது. மிக நுணுக்கமான படத்தை முதலில் எடுங்கள், சாதாரணப் படங்கள் பிறகு வரட்டும்.

எம்.ஆர்.ஐ. படத்தில் அகன்ற முனையருகே ஒரு கருங்குழி, பக்கத்தில் உள்ளதெல்லாம் வளைந்திருக்கிறது

அது நோயும் அல்ல, கட்டியும் அல்ல, காற்றறைதான். காற்றும் திசுவும் சந்திக்கும் இடத்தில் காந்தப்புலம் குலைகிறது. எம்.ஆர்.ஐ.யில் படம் எடுக்கும் முறைகளில் கிரேடியன்ட் எக்கோ முறையில் எடுத்தால் குழி பெரிதாகும், ஸ்பின் எக்கோ முறைக்கு மாறினால் சுருங்கும். கரு வளர வளர காற்றறையும் வளரும், ஆகவே குழியும் வளரும். ஒருமுறை ஒரு மாணவர் அதை நாளுக்கு நாள் பெரிதாகும் இரத்தக் கசிவு என்று எழுதிக்கொண்டு வந்தார். விளக்கில் காற்றறையின் எல்லையைப் பென்சிலால் ஓட்டின்மேல் வரைந்து, படத்தோடு ஒப்பிட்டுக் காட்டினேன். கோடும் குழியும் ஒன்றாகவே விரிந்திருந்தன.

மைக்ரோ சி.டி., அல்ட்ராசவுண்ட், ஓ.சி.டி. எடுத்தோம், ஒன்றும் கிடைக்கவில்லை

சி.டி.யில் முதல் வாரத்தில் எலும்பைத் தேடாதீர்கள், அப்போது குருத்தெலும்புதான் இருக்கிறது. மென்திசுவைப் பிரித்துக் காட்ட அயோடின் போன்ற மாறுபாட்டுப் பொருள் உள்ளே போகவேண்டும், கதிர்வீச்சும் நாளுக்கு நாள் சேரும். அல்ட்ராசவுண்ட் ஒலியை ஓடு திருப்பி அனுப்பிவிடும். ஓ.சி.டி. என்பது திசுவிலிருந்து திரும்பி வரும் ஒளியால் படம் எடுக்கும் முறை, அதன் ஒளி ஓரிரு மில்லிமீட்டர் ஆழம்தான் போகும். இரண்டுக்கும் ஓட்டில் சன்னல் வெட்டியாகவேண்டும். நல்ல முறைகள்தான், ஆனால் வேறு கேள்விகளுக்கு.

படம் எடுத்த முட்டைகள் மட்டும் சாகின்றன

இங்கே நாமே நோயாக இருக்கிறோம். விளக்கின் முனை ஓட்டில் படுகிறதா என்று பாருங்கள். படும் இடத்தில் உள்ளங்கையை ஒரு நிமிடம் வைத்தால் தெரியும், நம் கைக்கே சுடும். வெளியே இருக்கும் நேரத்தைப் பற்றி அளவுக்கு மீறி அஞ்சவேண்டாம். அடைக்கோழியே தீனிக்காகத் தினமும் எழுந்து போகிறது. ஆனால் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை முட்டையைத் திருப்பாமல் மணிக்கணக்கில் ஒரே பக்கமாக வைத்துப் படம் எடுத்தால் கரு வளர்ச்சி பாதிக்கப்படும். நீண்ட படம் எடுக்கும் நாளில் இடையிடையே நிறுத்தித் திருப்புங்கள்.

எம்.ஆர்.ஐ.க்குக் குளிர வைத்த முட்டைகள் சற்றுப் பின்தங்கி வளரலாம். அதை மருந்தின் மேல் ஏற்றாமல் இருக்க, மருந்து கொடுக்காத முட்டைகளையும் அதே வண்டியில் கோயம்புத்தூர் கொண்டுபோய், அதே ஒரு மணி நேரம் குளிர வைத்து, அதே காயிலுக்குள் வைத்து எடுக்கவேண்டும். ஆய்வகத்திலேயே சுகமாக இருந்த முட்டைகளோடு ஒப்பிடுவது ஒப்பீடு ஆகாது.

கரு வளர வளர நம் பொறுப்பும் வளர்கிறது. பிரிட்டனின் சட்டம் அடைக்காலத்தின் மூன்றில் இரண்டு பங்கு கடந்த பறவைக் கருவுக்குப் பாதுகாப்பு தருகிறது, கோழிக்கு அது 14ஆம் நாள். உங்கள் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவிடம் எந்த நாள்வரை போகப்போகிறீர்கள் என்பதை முதல் முட்டை வாங்கும் முன்பே எழுதிக் கொடுங்கள். 18ஆம் நாள் முட்டைக்குள் விளக்கில் காற்றறையைத் தவிர எல்லாம் இருட்டாக இருக்கும். அந்த நாளில் விளக்கால் கிடைக்கும் புதிய செய்தி மிகக் குறைவு, முட்டையைத் திருப்புவதும் நிறுத்தும் நேரம் அது. எடை போட்டு, காற்றறையின் எல்லையைக் கடைசியாக ஒருமுறை வரைந்துவிட்டு, அடைகாப்பானின் கதவை மூடிவிடுங்கள்.